கும்டா – கோகர்ணம் கடலோர நடையும் யாணா காடும்: மலை மட்டுமே பழகியவர்கள் எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வி: கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கமுங்க.

நண்பர்களும் உறவினர்களுமாக எட்டுப் பேர் சேர்ந்து, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் கும்டாவிலிருந்து கோகர்ணம் வரை கடலை ஒட்டியே நடந்து போகவும், அந்தப் பயணத்திலேயே யாணாவின் காட்டுப் பாறைகளைப் பார்த்து வரவும் விரும்புகிறோம். எங்களில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரைக்குப் போகும் பாதையில் வனத்துறை வழிகாட்டியுடன் நடந்திருக்கிறாள். ஆகவே ஏற்றமும் இறக்கமும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடல் எங்களுக்கு முற்றிலும் புதிது. திருச்செந்தூருக்கும் இராமேசுவரத்துக்கும் போய்க் கால் நனைத்ததைத் தவிர, பாறைக் கரையில் நடந்த அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

எங்களுடன் வரவிருக்கும் பெரியப்பாவுக்கு வயது அறுபத்தாறு. அவிநாசி, பவானி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, திருமுருகன்பூண்டி என்று கொங்கேழ் தலங்களையும் தரிசித்து முடித்தவர். அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலமான திருக்கோகர்ணத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அவரால் தட்டையான வழியில் நன்றாக நடக்க முடியும். பாறை மேல் தாவிச் செல்வது முழங்காலுக்கு ஒத்துவராது.

ஆடிப் பதினெட்டை ஒட்டி எல்லோருக்கும் விடுப்பு கிடைக்கும். அப்போது போகலாமா, அல்லது தை மாதம் வரை பொறுத்திருப்பது நல்லதா? எந்தத் திசையில் நடப்பது எளிது? கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்க முடியுமா? யாணா காட்டில் நுழைய முன் அனுமதி தேவையா? அந்தப் பக்கம் நடந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: நொய்யல்கரை (வடவள்ளி, கோவை)

வணக்கம் ஐயா. முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். ஆடி மாதம் அந்தக் கரைக்குப் போகவே கூடாது. ஆடியில் நம் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசுகிறது, சாரல் விழுகிறது, வெயில் தணிந்திருக்கிறது. நடப்பதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. மலைக்கு அந்தப் பக்கம் நிலைமையே வேறு. கோவையில் ஆண்டு முழுவதும் பெய்வது எழுநூறு மில்லிமீட்டர் அளவுதான். கர்நாடகக் கடற்கரையில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, அதிலும் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கடல் அப்போது மணல் பரப்பையே விழுங்கிவிடும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை இருக்கும் காலமும் அதுதான். அந்தக் கடலைத் தொழிலாகக் கொண்டவர்களே கரையில் நிற்கும்போது நாம் பாறை மேல் நடக்கப் போவது சரியல்ல. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். ஆகவே தை மாதத்தையே முடிவு செய்து கொள்ளுங்கள்.

அடுத்தது, மலை ஏறிப் பழகிய நமக்கு எளிதில் பிடிபடாத செய்தி. வெள்ளியங்கிரியில் காலையில் எந்த வழியாக ஏறினோமோ அந்த வழி மாலையிலும் அங்கேயே இருக்கும். கடலோரத்தில் அப்படி இல்லை. காலை எட்டு மணிக்கு உலர்ந்த மணலாக இருந்த இடம், பிற்பகலில் இடுப்பளவு நீராகவும் அதன் மேல் அடிக்கும் அலையாகவும் மாறிவிடும். கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது; ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்றைக்கு வற்றம் வரும் நேரத்தை விட நாளைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித்தான் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகவும் ஏறி மிகவும் வற்றும். அந்தக் கரையில் அப்போது இந்த வேறுபாடு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அட்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு குறைவு. கடல் பழகாத குழுவுக்கு அட்டமியை ஒட்டிய நாட்களையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் நேரக் கணக்கு சிறிது பிசகினாலும் கடல் அவ்வளவாக ஏறிவிடாது. துல்லியமான நேரத்துக்கு, கார்வார் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை) முந்தைய நாளே பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். கும்டா, கோகர்ணம் இரண்டுக்கும் அது ஏறத்தாழப் பொருந்தும்.

பாறையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் முனைகளின் மேற்பகுதி பெரும்பாலும் செம்புரைக்கல். லாட்டரைட் என்று புவியியலார் இதைத்தான் சொல்கிறார்கள். நம் பாலக்காட்டுக்கு மேற்கே இருக்கும் அங்காடிப்புரத்தில் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் இந்தக் கல்லை முதன்முதலாக விவரித்தார். வெள்ளியங்கிரியின் கருங்கல் படிகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். செம்புரைக்கல்லோ முழுக்கத் துளைகளும் கூரிய விளிம்புகளுமாக இருக்கும். மேலே உலர்ந்த இடத்தில் செருப்பு நன்றாகப் பிடிக்கும், ஆனால் தடுக்கி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் சிராய்த்துக் கொள்ளும். நீர்மட்டத்துக்கு அருகே வந்தால் நிலைமை நேர்மாறு. கருமையாக, ஈரம் காயாமல் இருக்கும் பாறையில் பாசி படிந்திருக்கும். அங்கே எந்த ரப்பர் அடியும் நிற்காது.

ஒரு பாறை முனையைச் சுற்றிப் போவதற்கு முன் சற்று நின்று அதன் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். வெண்சாம்பல் நிறத்தில், சிறு சிறு கூம்புகளாக, கை வைத்தால் கீறும் கொட்டலசுகள் என்னும் ஓட்டுடைய கடல் உயிர்கள் ஒரு பட்டையாக ஒட்டியிருக்கும். அந்தப் பட்டை எந்த உயரம் வரை இருக்கிறதோ, அந்த உயரம் வரை கடல் நாள்தோறும் வந்து போகிறது என்று பொருள். உங்கள் வழி அந்தப் பட்டைக்கு மேலே இருந்தால் நடக்கலாம். வழி அதற்குக் கீழே இறங்குமானால், கடல் வற்றிக் கொண்டிருக்கும்போது மட்டுமே இறங்க வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு எவ்வளவு குறுகிய தூரமாக இருந்தாலும் இறங்கக் கூடாது. மேலே புல்வெளி மீது சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதை பெரும்பாலான முனைகளில் உண்டு. பத்து நிமிடம் கூடுதலாகும் என்பதற்காக அதைத் தவிர்க்க வேண்டாம்.

திசையைப் பொறுத்தவரை, தெற்கே கும்டாவில் தொடங்கி வடக்கே கோகர்ணத்தில் முடிப்பதே நல்லது. கும்டாப் பக்கம் வன்னள்ளி, கட்லே, பாட எனக் கடற்கரைகள் நீளமானவை, மணல் கெட்டியானது. முதல் நாள் கால் பழகுவதற்கு உகந்தது. கோகர்ணத்தை நெருங்க நெருங்கக் கடற்கரைகள் பிறை வடிவில் சிறுத்து, இடையிடையே முனைகள் செங்குத்தாக ஏறி இறங்கும். பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே என்ற வரிசையில் அவை வரும். இவற்றில் பாரடைஸுக்கும் ஹாஃப் மூனுக்கும் இடைப்பட்ட பகுதிதான் முழுப் பயணத்திலும் கடினமானது. பெரும் பாறைகளின் மேல் கையையும் ஊன்றிப் போக வேண்டியிருக்கும். இரண்டாம் நாள் திட்டத்தை முழுவதுமாக அந்த ஒரு பகுதியின் வற்ற நேரத்தை வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

இன்னொன்று வியர்வை. நம் ஊரின் வறண்ட காற்றில் வியர்வை வந்தவுடன் காய்ந்து உடலைக் குளிர்விக்கும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது காயாமல் வழிந்து கொண்டே இருக்கும், உடல் சூடு தணியாது. தை மாதத்திலும் பகல் வெயில் முப்பது பாகையைத் தாண்டும்; செம்புரைப் பாறையின் மேல் ஒரு மர நிழல் கூடக் கிடைக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், விளிம்பு அகன்ற தொப்பி ஆகியவை கட்டாயம். விடியற்காலையில் கிளம்பினால் கிழக்கே உள்ள மேட்டு நிலத்தின் நிழல் சில மணி நேரம் கடற்கரை மேல் விழும். பத்தரை மணிக்குள் பெரும்பகுதி தூரத்தை முடித்து, பகலில் ஓய்வெடுத்து, நான்கு மணிக்கு மேல் மீதியைத் தொடருங்கள்.

பதில்: ஆனைமலைச் சாரல் (பொள்ளாச்சி)

கோபி அண்ணாவுக்கு வணக்கம். கடலைப் பற்றி வடவள்ளி அண்ணா சொன்னவை அனைத்தும் சரியானவை. காட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

யாணாவுக்குக் கும்டாவிலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம்; கடைசிச் சிறிது தூரம் மட்டும் மரங்களின் நிழலில் நடந்து படியேற வேண்டும். ஆகவே பெரியப்பாவும் வரலாம். காட்டின் நடுவே கரிய சுண்ணாம்புப் பாறைகள் இரண்டு எழுந்து நிற்கின்றன. பைரவேசுவர சிகரம் 120 மீட்டர் உயரம், மோகினி சிகரம் 90 மீட்டர். சுற்றிலும் கருங்கல்லும் செம்புரைக்கல்லுமாக உள்ள நாட்டில், நீரால் அரித்துச் செதுக்கப்பட்ட இந்தச் சுண்ணாம்புப் பாறைகள் தனித்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைந்து போகும். பெரிய பாறையின் அடியில் உள்ள குகையில் சிவலிங்கத்தின் மேல் நீர் சொட்டிக் கொண்டே இருக்கும். மகா சிவராத்திரியின்போது அங்கே பெருங்கூட்டம் கூடும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பாறையின் உயரத்தில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்கும். அங்கே கூச்சல், புகை, வாசனைத் தைலம் எதுவும் கூடாது என்பதை மலைப் பக்கம் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குழுவில் இளைஞர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது உண்ணியைப் பற்றி. குரங்குக் காய்ச்சல் என்று சொல்லப்படும் கியாசனூர் காட்டு நோய், 1957-இல் ஷிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. ஷிவமொக்காவை ஒட்டிய உத்தர கன்னட மாவட்டத்தின் மலைப்பகுதிகளிலும் அது மனிதர்களுக்கு வந்து கொண்டிருக்கிறது. காட்டு உண்ணி கடிப்பதால் பரவும் நோய் இது. நீங்கள் போகும் டிசம்பர் முதல் மே வரையிலான காலமே அதற்கும் உரிய காலம். மாட்டுக் கொட்டகையில் நாம் பார்க்கும் பருத்த உண்ணியை எதிர்பார்க்காதீர்கள். காட்டில் சருகின் மீது இருப்பவை அதன் இளம் பருவத்தவை, எள்ளை விடச் சிறியவை. காலில் ஏறினால் தெரியாது. முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக் கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணியாக இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சருகின் மேல் உட்காராதீர்கள், பையையும் அதன் மேல் வைக்காதீர்கள். அறைக்குத் திரும்பியவுடன் வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம், காதோரம் ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். வழியில் குரங்கு இறந்து கிடந்தால் அருகே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், உத்தர கன்னடக் காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் கோபியிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் மருத்துவருக்கு அந்த நோய் நினைவுக்கு வர வாய்ப்பே இல்லை.

அனுமதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாணாவின் பாறைகள் வரை எல்லோரும் போகும் வழியில் போவதற்குத் தனி அனுமதி தேவையில்லை. நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும். அதைக் கடந்து காட்டுக்குள் வேறு தடங்களில் நடக்க வேண்டுமானால், கும்டாவில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே போங்கள். கர்நாடகத்தில் இப்போது பல மலைப்பாதைகளுக்கு வனத்துறையின் இணைய முன்பதிவு கட்டாயமாகியிருக்கிறது. இதை ஒரு தொந்தரவாக யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போனவர்களும் இருந்தார்கள் என்பது நம் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. 23 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் 40 பாதைகள் வழிகாட்டியுடன் நடப்பதற்குத் திறக்கப்பட்டன. காய்ந்த காலத்தில் காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது, பீடி சிகரெட்டை அணைக்காமல் எறிவது ஆகியவற்றைச் செய்யக்கூடிய எவரையும் தயவுசெய்து குழுவில் சேர்க்காதீர்கள்.

அந்த மலைத்தொடரின் மேற்பகுதியில், சிர்சிக்கும் ஹொன்னாவருக்கும் இடையில், சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலையோரம் நாம் பார்க்கும் அதே இனம்தான். உலகில் அந்த இனம் வாழும் வடகோடி இடம் அது. அவற்றுக்காகவே அகநாசினி ஆற்றின் பெயரில் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால் தின்பண்டம் எதையும் கொடுக்காமல், தொலைவில் நின்றே பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கோபிக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. குரங்குக் காய்ச்சல் பற்றி எங்களில் எவருமே கேள்விப்பட்டிருக்கவில்லை. இன்றே குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. அட்டமியை ஒட்டி நடப்பது நல்லது என்றீர்கள். அட்டமி, நவமியில் பெரியப்பா வீட்டை விட்டுப் பயணம் புறப்பட மாட்டார், அவரை அதற்காக வற்புறுத்தவும் எங்களுக்கு மனமில்லை. இதற்கு வழி உண்டா? கடினமான பாறைப் பகுதியில் அவரை எப்படிக் கூட்டிப் போவது என்பதும் கவலையாகவே இருக்கிறது.

பதில்: காலிங்கராயன் வாய்க்கால் (ஈரோடு)

தம்பிக்கு வணக்கம். பெரியப்பாவின் வழக்கத்துக்கு எந்தக் குறையும் வராமல் செய்யலாம். நாள் பார்ப்பது புறப்பாட்டுக்குத்தானே. பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சஷ்டியன்று வீட்டிலிருந்து புறப்படுங்கள். ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர் வழியாக மங்களூருக்கு இரயில்கள் உள்ளன. அங்கிருந்து கொங்கண் இரயில் பாதையில் கும்டாவில் இறங்கிக் கொள்ளலாம். சப்தமியன்று யாணாவைப் பார்த்துவிட்டு, அட்டமியும் நவமியும் கடற்கரையில் நடங்கள், தசமியன்று திரும்புங்கள். அட்டமிக்கு அடுத்த ஓரிரு நாட்களும் கடலின் ஏற்ற இறக்கம் குறைவாகவே இருக்கும் என்பதால் கணக்கு சரியாக வரும்.

பெரியப்பாவை முதல் நாள் கும்டாப் பக்கத்து மணலில் தாராளமாக நடக்கச் சொல்லுங்கள். நடுநடுவே ஊர்ச் சாலைகள் கடற்கரையைத் தொடுவதால், களைத்துப் போனால் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அன்று மாலை அகநாசினி ஊரில் தங்குங்கள். மறுநாள் காலை படகில் அகநாசினி ஆற்றைக் கடந்து மறுகரையில் உள்ள ததடி போனதும் குழுவை இரண்டாகப் பிரித்துக் கொள்ளுங்கள். அவரும் துணைக்கு ஒருவரும் சாலை வழியாகக் கோகர்ணத்துக்குப் போய், மகாபலேசுவரர் கோயிலில் நிதானமாகத் தரிசனம் செய்யட்டும். நீங்கள் பேலேகான் வழியாகப் பாரடைஸ் கடற்கரைக்கு இறங்கி, பாறைப் பகுதியைக் கடந்து வாருங்கள். கடலில் ஏற்றம் தெரிந்தால் நீங்களும் பேலேகானுக்கே திரும்பிச் சாலையைப் பிடித்துவிட வேண்டும் என்று முன்பே பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே கைப்பேசி எல்லா இடத்திலும் எடுக்காது. இத்தனை மணிக்குள் ஓம் கடற்கரையைத் தொட்டுவிடுவோம் என்று நேரத்தையும் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த ஆற்றைக் கடக்கும்போது அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக் கொள்கிறேன். நான் விவசாயி, எனக்கு அந்தப் பயணத்தில் கடலை விடவும் பெரிதாகத் தெரிந்தது அகநாசினி ஆறுதான். சிர்சிப் பக்கத்து மலையில் பிறந்து கடல் வரை வரும் அந்த ஆற்றின் குறுக்கே ஓர் அணை கூடக் கிடையாது. பவானியிலும் அமராவதியிலும் அணைகளைப் பார்த்து, நொய்யலில் சாயக் கழிவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஓர் ஆறு பிறந்தபடியே கடலைச் சேர்வது என்றால் என்ன என்பதை அங்கேதான் பார்க்க முடியும். அதன் கழிமுகம் 2024-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கடல் வற்றும் நேரத்தில் ஊர்ப் பெண்களும் ஆண்களும் முழங்கால் அளவு சேற்று நீரில் குனிந்து மட்டி சேகரிப்பார்கள். கடல் நீர் ஏறி வரும் வயல்களில் கக்கா என்ற நெல்லை விதைக்கிறார்கள். உப்பைத் தாங்கும், மழை வெள்ளத்தில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும், உரம் எதுவும் இடுவதில்லை. நெல் அறுத்த பிறகு அதே வயலில் கடல் நீரை விட்டு இறாலும் மீனும் பிடிக்கிறார்கள். பவானிசாகர் மதகு திறக்கும் தேதியை எதிர்பார்த்து நாற்று விடுகிற நாம், கடல் ஏறுகிற நேரத்தை வைத்து மதகைத் திறந்து மூடுகிற அந்த உழவர்களிடம் நின்று பேசிவிட்டுத்தான் போக வேண்டும். கோகர்ணத்துக்கு அருகே சாணிகட்டாவில் உப்பளங்களும் உண்டு. நேரமிருந்தால் பெரியப்பா போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

கூடாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கடற்கரையில் கூடாரம் வேண்டாம் என்பதே என் கருத்து. பாரடைஸ் கடற்கரை வனத்துறை நிலத்தை ஒட்டியது, அங்கே இரவு தங்குவதை அதிகாரிகள் ஏற்பதில்லை. மற்ற இடங்களிலும் ஊர்க்காரர்களின் அனுமதி இல்லாமல் தங்குவது முறையல்ல. அகநாசினியிலும் கோகர்ணத்திலும் எளிய தங்கும் வீடுகள் கிடைக்கும். குச்சலரிசி என்னும் புழுங்கலரிசிச் சோறும் மீன் குழம்பும் அங்கே போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக இங்கிருந்தே புளிச்சாதமும் கடலை உருண்டையும் பொரியும் கட்டிக் கொண்டு போனால் முதல் நாளுக்குப் போதும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டு வாருங்கள். மட்டி எடுக்கிறவர்களின் கையில் நம் குப்பை சிக்கக் கூடாது.

பதில்: நொய்யல்கரை (வடவள்ளி, கோவை)

ஈரோட்டு ஐயா சொன்ன திட்டம் மிகவும் பொருத்தமானது. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

ஓத அட்டவணை கடலின் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் சொல்லும், அலையின் உயரத்தைச் சொல்லாது. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளிலும் தொலைதூரத் தென்கடலில் எழுந்த பேரலைகள் திடீரென்று கரையேறுவது உண்டு. கள்ளக்கடல் என்று கேரள மீனவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இத்தகைய அலை எழுந்த நாளில்தான். கோடையில்தான் இது அதிகம் என்றாலும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் எச்சரிக்கையைப் புறப்படும் காலையில் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று பாறைப் பகுதி வேண்டாம், எல்லோரும் சாலையிலேயே போய்விடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் அலையின் பக்கம் முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். ஓம் கடற்கரையின் பாறை முனைகளில் நடக்கும் விபத்துகளில் பல அப்படித்தான் நடக்கின்றன.

இரண்டாவது, தை மாதத்துக்கு இன்னும் காலம் இருப்பதால், மழை ஓய்ந்த பிறகு ஒரு சனி ஞாயிறில் தலச்சேரிக்குப் போய் வாருங்கள். கோவையிலிருந்து மங்களூர் போகும் இரயிலே அங்கு நிற்கும். அருகில் தர்மடம் கடற்கரைக்கு எதிரே, நூறு மீட்டர் தொலைவில் ஒரு சிறு தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது கரையிலிருந்து அதற்கு நடந்தே போகலாம். ஏறிய பிறகு முடியாது. தீவுக்குப் போக வேண்டும் என்பதில்லை. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் போய் உட்கார்ந்து, நீர் எப்படி விலகுகிறது, எந்தப் பாறை முதலில் தலைகாட்டுகிறது, திரும்பி வரும்போது எந்தப் பக்கமாகச் சூழ்கிறது என்று குழுவில் உள்ள எல்லோரும் பார்க்கட்டும். பாறை முனையில் எப்போது நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று இரண்டாம் நாள் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி கேட்டவர்: கோபிக்காரன்

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். சஷ்டியில் புறப்பாடு என்றதும் அவரே பஞ்சாங்கத்தை எடுத்து நாளைக் குறித்துவிட்டார். தலச்சேரிக்கும் கண்டிப்பாகப் போய் வருகிறோம். உண்ணிக்காக வெளிர் நிறக் காலுறைகளும் முழுக்கால் சட்டைகளும் எல்லோருக்கும் வாங்குவது என் பொறுப்பு. ஓத அட்டவணையை எழுதி வைப்பது அக்கா மகளின் பொறுப்பு. அகநாசினி – ததடிப் படகு தை மாதத்தில் காலை எத்தனை மணிக்கு முதல் முறை போகிறது என்பதை அண்மையில் போய் வந்தவர்கள் யாராவது தெரிவித்தால், இரண்டாம் நாள் நேரத்தை உறுதி செய்து விடுவோம்.